ஈஸ்டர் என்று நான் போட்ட தேதி

மகள்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காரில் வரும்போது நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தோம். நீ யன்னல் பக்கம் பார்த்தபடிதான் கேட்டாய். "அப்பா, நீங்கள் இன்னும் ஜெபம் பண்ணுறனீங்களோ? உண்மையாச் சொல்லுங்கோ." ஓம் என்றேன். "ஏன்? ஒருக்காக் கேட்டனாங்கள். வரேல்லை. இன்னும் எதுக்குக் காத்துக்கொண்டிருக்கிறீங்கள்?" விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்துவிட்டான். பிறகு சொல்லுறன் என்றேன். "உங்கட பிறகு எனக்குத் தெரியும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு அப்படியே உன் அம்மாவுடையது. அதனால்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை நீ ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போகிறாய். அதற்கு முன் இந்தப் 'பிறகு' வந்துவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை வானுக்குள் இருந்து, அளவு குறிக்கும் பென்சிலால் எழுதுகிறேன். இன்று நாலாவது நாள். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். வாட்ஸப்பில் ஜெர்மனில் எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் வாசித்து முடித்து ஒரு இதயத்தை அனுப்பிவிடுவாய். இதை மெதுவாக வாசி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு கெட்ட வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு எனக்கும் நேரம் வேண்டும்.

என் தொழிலைப் பற்றி உனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக் கேள். தரைக்குக் கீழே வெந்நீர்க் குழாய் போட்டு வீட்டைச் சூடாக்குவதுதான் இருபது வருடமாக என் வேலை. குழாயை நெளிவு நெளிவாக விரித்து, அதன்மேல் சீமெந்துக் கலவையை ஊற்றுவார்கள். எஸ்ட்ரிஷ் என்பார்கள் இங்கே. ஊற்றிய பிறகு மூன்று கிழமை அதைத் தொடக்கூடாது. சூடு காட்டக்கூடாது. அது தன்பாட்டில் இறுகட்டும் என்று விட வேண்டும். பிறகு முதல்நாள் இளஞ்சூடு, அடுத்த நாட்களில் இன்னும் கொஞ்சம், அப்படியே ஏற்றி, அப்படியே இறக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை பாகை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எல்லா வீட்டுக்காரரும் அவசரப்படுவார்கள். தளபாடம் வருகிறது, குழந்தை பிறக்கப் போகிறது, கிறிஸ்மஸ் வருகிறது என்பார்கள். நான் ஒருவருக்கும் அசைந்ததில்லை. "உங்கட அப்பாவுக்கு ஒரு நாக்குத்தான், அதிலை 'வார்ட்டன் ஸீ' எண்டு பச்சை குத்தியிருக்கு" என்று அம்மா சொல்லுவாள். பொறுங்கோ, பொறுங்கோ. அதுதான் நான் ஊருக்குச் சொன்ன சுவிசேஷம்.

இனி அந்த வசந்தம். உனக்குப் பதினேழு வயது. அம்மா மாசி மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுடைய இரத்த நோய்க்கு, முழுதாகப் பொருந்துகிற எலும்பு மஜ்ஜை யாரிடமிருந்தாவது கிடைக்க வேண்டும். எங்கள் ஒருவருடையதும் பொருந்தவில்லை. உலகத்தில் எங்கோ இருக்கிற, முகம் தெரியாத ஒருவருடையது பொருந்த வேண்டும். அந்தத் தொலைபேசிக்காகக் காத்திருந்தோம். அதே நேரத்தில்தான் நம்முடைய சபைக்கும் சொந்தமாக ஒரு இடம் கிடைத்தது. இத்தனை வருடமும் ஜெர்மன் சபையின் மண்டபத்தில், அவர்கள் ஆராதனை முடித்துக் கோப்பி குடித்துப் போன பிறகு, மதியம் இரண்டு மணிக்குக் கூடிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு பழைய தளபாடக் கடை. தரையை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும். யார் போடுவது? நான்தான்.

நிர்வாகசபைத் தலைவர் ஞானம் அண்ணை பிரதிஷ்டையை ஈஸ்டரில் வைக்க ஆசைப்பட்டார். எஸ்ட்ரிஷ் ஊற்றிய அன்று ஈஸ்டருக்குச் சரியாக ஆறு கிழமை இருந்தது. காணாது, எட்டுக் கிழமையாவது வேண்டும் என்றேன்.

"தம்பி, இஸ்ரவேல் சனம் நாப்பது வருசம் நடந்து போய்ச் சேர்ந்துது. நீ என்னடாவெண்டால் ஒரு தரைக்கு ரெண்டு மாசம் கேக்கிறாய்."

"அவை எஸ்ட்ரிஷ் ஊத்தேல்லை அண்ணை. மணலிலை தானே நடந்தவை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சரி, ஈஸ்டருக்கு ஏழு கிழமை பிந்தி வருகிற பெந்தெகொஸ்தேக்கு வைப்போம் என்று ஒத்துக்கொண்டும் விட்டார். ஆகவே பின்னால் நடந்ததற்கு அவரைக் குறை சொல்லாதே. அடுத்த ஞாயிறு வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். அம்மாவுக்காக எல்லாரும் எழுந்து நின்று ஜெபித்தபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அந்தச் சகோதரி புதிய மண்டபத்திலே நிற்கிறதை நான் பார்க்கிறேன்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. எப்போது என்று அவர் சொல்லவில்லை. அவரையும் குறை சொல்லாதே. தேதி போட்டது நான்.

வீட்டுக்கு வரும் வழியில் என் தலைக்குள் கணக்கு ஓடியது. மண்டபம் முடிகிற நாள்தான் அவள் அங்கே நிற்கிற நாள். அப்படியென்றால் மண்டபத்தை ஈஸ்டருக்கு முடித்தால்? என் பங்கை நான் ஈஸ்டருக்குள் முடித்துக் கொடுத்தால், தம் பங்கைக் கடவுளும் முடிப்பார். எந்தக் கட்டட வேலையிலும் அப்படித்தானே, ஒருவன் முடித்தால்தான் அடுத்தவன் உள்ளே வரலாம். அன்று பின்னேரமே ஞானம் அண்ணைக்கு எடுத்து, ஈஸ்டருக்கே வையுங்கோ, நான் முடிச்சுத் தாறன் என்றேன். பிறகு குசினிக்குள் வந்தேன். நீ மேசையில் கணிதம் செய்துகொண்டிருந்தாய். "ஈஸ்டருக்கு அம்மா வருவா. கடவுள் சொல்லிப்போட்டார்" என்றேன். நீ பென்சிலைக் கீழே வைத்தாய். "உண்மையாவோ அப்பா?" "ஓம்."

அடுத்த நாள் அம்மாவின் மாம்பழ நிறச் சீலையை நீ எடுத்து அயன் பண்ணி, எங்கள் அறைக் கதவில் கொழுவிவிட்டாய். ஒவ்வொரு நாளும் நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

பத்தாவது நாள் நான் தரைக்குச் சூடு போட்டேன். இருபத்தொன்றாவது நாள் போட்டிருக்க வேண்டும். முதல்நாள் கொஞ்சமாக, பிறகு அவசர அவசரமாக ஏற்றினேன். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மண்டபத்துக்குத்தான் போவேன். யன்னல்களைத் திறப்பேன், மூடுவேன், முழங்காலில் இருந்து தரையைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டபடியே ஜெபம் பண்ணுவேன். பக்தி என்றுதான் நினைத்தேன். அம்மா தொலைபேசியில் கேட்பாள், "இண்டைக்கும் வரமாட்டீங்களோ?" மண்டப அலுவல், உமக்காகத்தான் என்பேன். "எனக்காக எண்டால் இஞ்சை வந்து இருங்கோவன்" என்பாள். அது எனக்கு விசுவாசக் குறைவாகப் பட்டது, மகள். நான் அவளுடைய சுகத்தையே கட்டிக்கொண்டிருக்கிறேன், அவள் தன் பக்கத்தில் கதிரையில் வந்து இருப்பதைப் பற்றிக் கதைக்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

ஈஸ்டருக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தேன். வாசலில் தொடங்கி, பிரசங்க பீடம் வர வேண்டிய இடம் வரைக்கும், தரை வெடித்திருந்தது. நேரான வெடிப்புக்கூட இல்லை. ஆறு போல வளைந்து போயிருந்தது. என் விரல் நகம் உள்ளே போகும் அளவு. இருபது வருடத்தில் என் கையால் போட்ட ஒரு தரையும் வெடித்ததில்லை.

தூசி உடுப்போடே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதி என்னை மேலும் கீழும் பார்த்து, மேலே போட ஒரு அங்கியைத் தந்தாள். அம்மாவுக்குச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"ஜெர்மன் சனம் முழுக்கப் பொறுங்கோ பொறுங்கோ எண்டு சொன்ன மனுசன்! ஐயோ, இஞ்சேருங்கோ, அந்தத் தாளிலை என்னெண்டு கையெழுத்து வைச்சனீங்கள்?"

"வைக்கேல்லை."

"அது தானே பார்த்தன். பொய் எழுத மட்டும் கை வரேல்லை." பிறகு கதிரையைக் காட்டினாள். "இனி அங்கை வேலை ஒண்டும் இல்லைத் தானே? இருங்கோ."

இருந்தேன். வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு இருபத்து மூன்று நாள் அந்தக் கதிரையில் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காத்திருந்தது அந்த நாட்களில் மட்டும்தான். காலை பத்து மணிக்கு இரத்த அளவுகள் வரும். அதுவரை யன்னலால் தெரிந்த, கொக்குப் போன்ற கட்டடக் கிரேனைப் பார்ப்போம். அளவு கூடினால் ஒரு யோகட்டை மூன்றாகப் பங்கிடுவோம். குறைந்தாலும் பங்கிடுவோம். நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே வருவாய். சீட்டு விளையாடினோமே, நினைவிருக்கிறதா? முன்னூற்றிநாலு ஆட்டத்துக்கு நாலு கை வேண்டும், நாங்கள் மூன்று பேர்தான், அதனால் அம்மா இரண்டு கையை விளையாடி இரண்டிலும் உன்னை ஏமாற்றினாள். ஒருநாள் ஞானம் அண்ணை வேதப்புத்தகத்தோடு கதவில் வந்து நின்றார். சீட்டு கட்டிலில் விரிந்து கிடந்தது. நீ போர்வையை இழுத்து மூடினாய், அப்படியும் ஒரு குலான் சீட்டு கீழே விழுந்துவிட்டது. அவர் குனிந்து அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "ஆர் துரும்பு சொன்னது?" அன்று நாலு கை சரியாக வந்தது. தாதியும் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டாள்.

அந்த அறையில் நாங்கள் ஜெபமும் பண்ணினோம். ஆனால் நான் அதற்கு முன் பண்ணியதுபோல இல்லை. அம்மா அதிகம் கேட்கவில்லை. "ஆண்டவரே, நாங்கள் மூண்டு பேரும் இஞ்சை இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருப்பாள். முதலில் எனக்கு அது அந்தரமாக இருந்தது. மிச்சத்தையும் சொல்லுமன் என்று மனம் கிடந்து அடித்தது. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் வந்த சனிக்கிழமை அவளிடம் கேட்டேன், ஏன் சுகம் தாரும் என்று வாய் திறந்து கேட்கிறீர் இல்லை என்று. "கேட்டிட்டன். மாசியிலேயே கேட்டிட்டன். அவருக்குக் காது கேக்கும்" என்றாள். பிறகு, "எனக்கு இந்தச் சனி பிடிக்கும். அண்டைக்கு ஒருத்தராலும் ஒண்டும் செய்ய ஏலாது. கல்லறைக் கல்லை உருட்டப் போக முடியாது, அழுது முடிக்கவும் முடியாது. இயேசுவின்ர ஆக்கள் விடியுமட்டும் ஒண்டா இருந்தவை, அவ்வளவுதான்" என்றாள்.

விடிந்தது. ஈஸ்டர். நீ ஒரு பையோடு வந்தாய். பைக்குள் அந்தச் சீலை. மடிப்புக் குலையாமல் கொண்டுவந்திருந்தாய். "அப்பா சொன்னவர் இண்டைக்கு நீங்கள் வருவீங்கள் எண்டு. வராட்டியும் கட்டிப் பார்ப்பம் அம்மா" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் கிரேனைப் பார்த்தேன். நீ சீலையை அவள் தோளில் போட்டுவிட்டாய். அவள் உன்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, மெல்லக் கேட்டாள்.

"பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தேதி போட நீங்கள் ஆர்?" அவள் குரலில் அன்று சிரிப்பு இல்லை. "அவளிட்டைச் சொல்லுங்கோ, அது உங்கட கணக்கு எண்டு. நீங்கள் சொல்லாட்டி அவள் கடவுளைத் தான் பொய்யன் எண்டு நினைப்பாள். சொல்லுவீங்களோ?"

சொல்லுறன் என்றேன். நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு அளவுகள் வருவதற்கு முன், தன் கைகள் உன் கையிலும் என் கையிலும் இருந்தபடியே அம்மா போய்விட்டாள். அந்தத் தொலைபேசி வரவேயில்லை.

நான் உன்னிடம் சொல்லவில்லை. செத்த வீட்டில் சொல்ல முடியவில்லை. பிறகு சொல்லத் தோன்றவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, மகள். நீ அழுதாய், நான் குழாய் அளந்தேன். ஒருநாள் நீ கத்தினாய், "உங்களுக்கு ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கிறீங்கள்!" அது உண்மை. ஒன்றும் நடக்காத மாதிரித்தான் இருந்தது. கை விறைத்த மாதிரி, முழு மனிதனும். சபையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீ வாய் திறக்காமல் நிற்பதை இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அம்மா பயந்தது நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே பார்க்கிறேன்.

ஆகவே இப்போது சொல்கிறேன். ஈஸ்டருக்கு அம்மா வருவாள் என்று கடவுள் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவர் பெயரைப் போட்டுச் சொன்னேன். நீ நம்பிக் காத்திருந்து ஏமாந்தது என் வார்த்தைக்கு. அந்தச் சீலையை நீ அயன் பண்ணியது என் பொய்க்கு. அவர்மேல் உனக்குக் கோபம் இருந்தால், அது உனக்கும் அவருக்கும் உள்ள கதை, நான் நடுவில் வரமாட்டேன். எனக்கும் அவரிடம் கேட்க இருக்கிறது. ஆனால் இந்த ஒரு குற்றத்தை அவர் கணக்கிலிருந்து எடுத்து என் கணக்கில் போடு. என்னை மன்னி, இல்லாவிட்டால் ஆறுதலாக, உனக்கு ஏலும்போது மன்னி. அதற்கும் நான் தேதி போடமாட்டேன்.

இனி உன் கேள்வி. வராத ஒன்றுக்கு ஏன் இன்னும் காத்திருக்கிறேன் என்று கேட்டாய். புதுத் தரைக்கு முதன்முதல் சூடு போட்டால் அடுத்த நாளே வீட்டுக்காரர் எடுப்பார், தரை குளிராகவே இருக்கிறது, உங்கள் வேலை பிழை என்று. குழாய் உள்ளே போகிற இடத்தில் கையை வைத்துப் பாருங்கோ என்பேன். அங்கே சூடாக இருக்கும். திரும்பி வருகிற குழாய் குளிராக இருக்கும். சூடு போகிறது, தரை குடிக்கிறது, இன்னும் காலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு வருடமும் நான் காலையில் எழுந்து அம்மா சொன்ன அதே ஒரு வரியைத்தான் சொல்கிறேன். மூன்று பேர் என்பதை இரண்டு என்று மாற்ற மட்டும் கொஞ்ச நாள் எடுத்தது. ஒன்றும் உணரவில்லை. ஆனாலும் யாரோ சபையிலிருந்து சொதி கொண்டுவந்து கதவில் வைத்தார்கள். நீ என் காலுறைகளைச் சோடி சேர்த்து வைத்தாய். ஞானம் அண்ணை அந்த வெடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், முழங்காலில் இருந்து என்னோடு சேர்ந்து அதைக் கீறித் திறந்து, கம்பி வைத்துப் பசை ஊற்றி மூடினார். குழாய் சூடாகத்தான் இருந்தது. போன மாசியில் ஒருநாள் வேலைத்தளத்தில் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி குடித்தேன். இஞ்சி கூடிப்போயிருந்தது. கூடிப்போனது நாக்குக்குத் தெரிந்தது. அப்படியே வானுக்குள் இருந்து முழுவதையும் குடித்தேன்.

இப்போது எனக்குக் குறை இல்லை. நீ போன பிறகு அப்பா தனியக் கிடந்து காய்வார் என்று நினைக்காதே. "தம்பி, நாப்பத்திரண்டு ஒரு வயசே, நீ இன்னும் இளந்தாரி" என்று ஞானம் அண்ணை கலியாணப் பேச்சு எடுத்தார். அண்ணை, எஸ்ட்ரிஷ் இன்னும் காயேல்லை என்றேன். அவருக்கு விளங்கியது. அம்மாவை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறேன். எப்போது என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் இருக்கப் பழகிவிட்டேன். அந்தப் போதகர் கண்டது எந்த மண்டபம் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஹாலேயில் உன் அறையின் ரேடியேட்டர் பழையது, படத்தில் பார்த்தேன். குளிர்ந்த அறைக்குள் வந்தவுடன் அதன் திருகுபிடியை ஐந்துக்குத் திருப்பாதே. ஐந்தில் வைத்தால் கெதியாகச் சூடாகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆகாது. அதே வேகம்தான், பிறகு வெந்து யன்னலைத் திறப்பாய். மூன்றில் வைத்துவிட்டு, ஜாக்கெட்டோடு இருந்து தேத்தண்ணி போடு. படிப்பில், மனிதர்களில், கடவுளில் என்று எங்கே குளிர்ந்தாலும் எனக்குத் தெரிந்த புத்தி இது ஒன்றுதான். ஒருவராவது உன்னிடம் கடவுள் பெயரில் தேதி சொன்னால், அது உன் அப்பாவாக இருந்தாலும், அவரிடம் கையெழுத்துத் தாளைக் கேள்.

இன்னொன்று. பயணம் போகும்போது எல்லாரும் சப்பாத்துப் போட்டபடி வாசலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் இறங்குவோம், அம்மா இருந்த காலம் முழுக்க. கொலோனுக்கு அரிசி வாங்கப் போனாலும் நிற்க வைப்பாள். அவள் போன பிறகு நாங்கள் நிற்கவில்லை. நான் உன்னைக் கூப்பிடப் பயந்தேன், நீ என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாய். சனிக்கிழமை உன் ரயில் பத்தே காலுக்கு. ஒன்பதரைக்கு இறங்கினால் போதும். ஒன்பது மணிக்கே நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் வந்து நின்றால் நில். உள்ளே பெட்டி கட்டி முடியவில்லையென்றால் கட்டு. அரை மணித்தியாலம் இருக்கிறது, நான் அங்கேதான் நிற்பேன்.

அப்பா